இரண்டு செஸ் எஞ்சின் ஒரே மாதிரி ஆடினால் காப்பி என்று சொல்லிவிடலாமா?

தம்பி கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விஷயம் புரிய வேண்டும். திருமங்கலம் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறார். நண்பரோடு சேர்ந்து சி பிளஸ் பிளஸ்ஸில் ஒரு செஸ் எஞ்சின், அதாவது தானாகச் செஸ் ஆடுகிற புரோகிராம், எழுதியிருக்கிறார். மதுரையில் நடந்த கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் இன்னொரு அணியின் எஞ்சின் இவர்களுடையதைப் போலவே ஆடியிருக்கிறது. ஒரு ஆட்டத்தை எடுத்து ஓட்டிப் பார்த்ததில் இருபது நகர்த்தலில் பதினாறு அப்படியே பொருந்துகிறதாம். அந்த அணியில் ஒருவர் கோடை விடுமுறையில் இவர்களோடு ஒரே இடத்தில் இன்டர்ன்ஷிப் செய்தவர், பென் டிரைவ் அடிக்கடி கைமாறியிருக்கிறது. "அண்ணே, எங்க சோர்ஸ் கோடைத்தான் தூக்கிட்டாங்க, இதை எப்படி நிரூபிக்கிறது?" என்கிறார். போட்டி நடத்தியவர்கள் புகாரை எழுத்தில் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் கையில் இரண்டு அணிகளின் எக்ஸி ஃபைல் (ஓடுகிற புரோகிராம்) இருக்கிறது, சோர்ஸ் கோட் (எழுதிய மூல வரிகள்) இன்னும் யாரிடமும் வாங்கவில்லை.

சரி தம்பி, நேராகவே சொல்கிறேன். அந்த இருபதில் பதினாறை வைத்து எதுவும் செய்ய முடியாது, புகாரில் அதை முதல் வரியாகப் போட்டால் உங்கள் பக்கம்தான் பலவீனமாகத் தெரியும். ஒரு ஆட்டத்தில் பாதி நகர்த்தல் யார் ஆடினாலும் அதேதான்: வெட்டினால் திருப்பி வெட்ட வேண்டும், செக் வைத்தால் ஒதுங்க வேண்டும், சும்மா கிடக்கிற காயை எடுக்க வேண்டும். ஓரளவு நன்றாக ஆடுகிற எந்த இரண்டு எஞ்சினை எடுத்தாலும் இந்த மாதிரி இடங்களில் ஒரே பதில்தான் சொல்லும். அதோடு ஆட்டத் தொடக்க நகர்த்தல்களைச் சேர்த்து வைத்த ஓப்பனிங் புக்கும் இருந்தால் முதல் எட்டுப் பத்து நகர்த்தல் இரண்டு பேரும் யோசிக்கவே இல்லை, ஃபைலைப் பார்த்துப் படிக்கிறார்கள், அவ்வளவுதான்.

நீங்கள் தேட வேண்டியது ஒன்றே ஒன்று: ஒத்துப்போக எந்தக் கட்டாயமும் இல்லாத இடத்தில் இரண்டும் ஒத்துப்போகிறதா? செஸ் விதி கட்டாயப்படுத்தியிருந்தால் அதைத் தள்ளிவிடுங்கள். வேகமாக ஓட வேறு வழியே இல்லை என்பதால் இரண்டு பேரும் ஒரே மாதிரி எழுதியிருந்தால் அதையும் தள்ளுங்கள். எல்லோரும் படிக்கிற பொது இடத்திலிருந்து வந்திருந்தால் அதையும். இவ்வளவும் தள்ளிய பிறகு கையில் என்ன மிஞ்சுகிறதோ அதுதான் சாட்சி. அமெரிக்காவில் 1992-ல் கம்ப்யூட்டர் அசோசியேட்ஸ், ஆல்டாய் என்ற இரண்டு கம்பெனிகளுக்கு நடந்த வழக்கில் கோர்ட் சொன்ன முறையும் ஏறக்குறைய இதுதான்: புரோகிராமை அடுக்கடுக்காகப் பிரி, யாருக்கும் சொந்தமில்லாததை வடிகட்டு, மிச்சத்தை மட்டும் ஒப்பிடு.

வடிகட்டுவதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மதுரைப் பக்கக் கல்லூரிப் போட்டிகளுக்கு அவ்வப்போது என்னை நடுவராகக் கூப்பிடுவார்கள். ஒரு தடவை விருதுநகர் பக்கத்து அணி ஒன்றும் திண்டுக்கல் பக்கத்து அணி ஒன்றும் கொடுத்த எஞ்சின்களில் காய்களின் மதிப்பு வரிசையாக ஒரே மாதிரி இருந்தது: சிப்பாய் 82, குதிரை 337, பிஷப் 365, யானை 477, ராணி 1025. பக்கத்தில் இருந்த இன்னொரு நடுவர் உடனே "ரெண்டும் ஒண்ணுதான் சார், பிடிச்சாச்சு" என்றார். 337 என்கிற எண் தற்செயலாக இரண்டு பேருக்கு வராது என்பது உண்மைதான். ஆனால் அது பெஸ்டோ என்று பெயர் போட்டு செஸ் புரோகிராமிங் விக்கியில் எல்லோருக்கும் திறந்து கிடக்கிற அட்டவணை, உலகம் முழுக்க எஞ்சின் எழுதப் பழகுகிற பாதிப் பேர் அதைத்தான் அப்படியே எடுத்துப் போடுகிறார்கள். அந்த இரண்டு அணிப் பையன்களும் ஒருவரை ஒருவர் அன்றைக்குத்தான் முதல் முறை பார்த்தார்கள். விக்கியைத் திறந்து காட்டியதும் பேச்சு முடிந்தது. அதே மாதிரி 100, 320, 330, 500, 900 என்று வந்தால் அது மிஷ்னியெவ்ஸ்கி என்பவர் எழுதிய எளிய எவாலுவேஷன் (ஒரு நிலைக்கு மதிப்புப் போடும் கணக்கு), அதற்கும் நூறு வாரிசு உண்டு.

ஆகவே முதல் வேலையாக உங்கள் எஞ்சினையே விசாரியுங்கள். வைஸ் என்ற எஞ்சினை எழுதச் சொல்லித்தருகிற வீடியோ தொடரைப் பார்த்து எழுதினீர்களா? பிபிசி என்ற பிட்போர்ட் எஞ்சினின் (பலகையை 64 பிட்டுகளாக வைக்கிற வகை) வீடியோக்களா? யானை, பிஷப் நகர்த்தல்களை வேகமாகக் கண்டுபிடிக்க உதவும் மேஜிக் நம்பர்களை எங்கிருந்து எடுத்தீர்கள்? ஓப்பனிங் புக்குக்கு பாலிகிளாட் ஃபார்மட் பயன்படுத்தினால் அதில் 781 ரேண்டம் எண்கள் உண்டு, அவற்றை யாரும் மாற்ற முடியாது, மாற்றினால் புக்கே படிக்காது. அந்த 781-ஐயே பலகை நிலைக்கு அடையாள எண் போடும் சோப்ரிஸ்ட் கீயாகவும் வைத்துக்கொள்கிறவர்கள் ஏராளம். இன்னொரு சங்கதியும் இருக்கிறது, பலருக்குத் தெரியாது: ரேண்டம் எண் தருகிற ரேண்ட் ஃபங்ஷனை சீட் (தொடக்க எண்) கொடுக்காமல் கூப்பிட்டால் ஒரே கம்பைலர், ஒரே ஆபரேட்டிங் சிஸ்டத்தில் எல்லோருக்கும் அதே எண்கள்தான் அதே வரிசையில் வரும். மெமரியில் இரண்டு எஞ்சினின் ஹாஷ் கீயும் (அந்த அடையாள எண்) ஒன்றாக இருக்கிறதே என்று துள்ளிக் குதித்துவிடாதீர்கள், இதுவாக இருக்கலாம். இப்போது ஏஐயிடம் கேட்டு வாங்குகிற கோடும் சேர்ந்துவிட்டது, ஒரே கேள்வியைக் கேட்ட இரண்டு பேருக்கு ஏறக்குறைய ஒரே ஃபங்ஷன் கிடைக்கும். உங்கள் கோடில் எது எங்கிருந்து வந்தது என்று ஃபைல் ஃபைலாக எழுதி வையுங்கள். எதிர் அணி கேட்கப் போகிற முதல் கேள்வியே அதுதான். அதற்கு உங்களிடம் பதில் இல்லை என்றால் மேற்கொண்டு எதைச் சொன்னாலும் எடுபடாது.

பெர்ஃப்ட் எண்ணிக்கை (ஒன்று, இரண்டு, மூன்று நகர்த்தல் ஆழத்தில் மொத்தம் எத்தனை வழி என்ற கணக்கு) ஒன்றாக இருப்பதைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். ஆரம்ப நிலையிலிருந்து 20, 400, 8902, 1,97,281, 48,65,609. இது எல்லா எஞ்சினுக்கும் இதேதான் வர வேண்டும், வராவிட்டால் நகர்த்தல் உருவாக்கும் பகுதியில் தப்பு இருக்கிறது என்று அர்த்தம். அதை விட்டுவிடுங்கள்.

இப்போது உருப்படியான சோதனைக்கு வருவோம். சோர்ஸ் இல்லாமல், எக்ஸியை மட்டும் வைத்துக்கொண்டு செய்யக்கூடியது. இரண்டு எஞ்சினையும் ஒரே மெஷினில் ஒரே ஒரு த்ரெட்டில் ஓட்டுங்கள், ஹாஷ் (பார்த்த நிலைகளை வைத்துக்கொள்கிற மெமரி) அளவை ஒன்றாக வையுங்கள், புக்கை அணைத்துவிடுங்கள், ஒவ்வொரு நிலைக்கு முன்னும் யூசிஐ நியூகேம் (புது ஆட்டம் என்ற கட்டளை) அனுப்பி மெமரியைச் சுத்தம் செய்யுங்கள். பிறகு ஒரு நிலையைக் கொடுத்து டெப்த் 10 வரை, அதாவது பத்து நகர்த்தல் ஆழம் வரை, தேடச் சொல்லுங்கள். ஒவ்வொரு டெப்த்துக்கும் எத்தனை நோடு (அது பார்த்த நிலைகள்) தேடியது, என்ன ஸ்கோர் கொடுத்தது என்று திரையில் வரும், அதை இரண்டுக்கும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். நேரத்தை வைத்து ஓட்டாதீர்கள், டெப்த்தை வைத்துத்தான்.

இது ஏன் இவ்வளவு வலுவான சோதனை என்றால், நோடு எண்ணிக்கை என்பது எஞ்சினின் உள்ளே நடக்கிற எல்லாவற்றின் விளைவு. நகர்த்தல்களை எந்த வரிசையில் பார்க்கிறது, எதை வெட்டி ஒதுக்குகிறது, நல் மூவில் (ஒரு முறை ஆடாமல் விட்டுப் பார்க்கும் உத்தி) எவ்வளவு ஆழம் குறைக்கிறது, குதிரைக்கு எஃப்3-ல் எத்தனை மதிப்பு என்று நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன முடிவுகளில் ஒன்று மாறினாலும் அந்த எண்ணிக்கை மாறிவிடும். ஸ்டாக்ஃபிஷ் என்ற திறந்த மூல எஞ்சினை எழுதுகிறவர்கள் இதையே தங்கள் கமிட்டுக்கு (பதிவு செய்கிற ஒவ்வொரு கோட் மாற்றத்துக்கும்) கைரேகையாக வைத்திருக்கிறார்கள்: பெஞ்ச் என்ற கட்டளை சில நிலைகளைக் குறிப்பிட்ட டெப்த்துக்குத் தேடி மொத்த நோடைச் சொல்லும், எஞ்சின் யோசிக்கிற விதத்தை மாற்றுகிற ஒவ்வொரு கமிட்டிலும் அந்த எண்ணை எழுத வேண்டும். சுத்தப்படுத்துவதற்காக மட்டும் கோடைத் திருத்தினேன் என்று ஒருவர் சொல்லி, எண் மாறியிருந்தால் அவர் எதையோ மாற்றிவிட்டார் என்று உடனே தெரிந்துவிடும். ஆகவே பத்துப் பதினைந்து நிலைகளில் உங்கள் எஞ்சினும் அவர்களுடையதும் டெப்த் 1 முதல் 10 வரை ஒரே நோடு, ஒரே ஸ்கோர் என்று வந்தால், பேரை மாற்றி ஒட்டிய ஒரே புரோகிராம் அது. வீடியோ தொடரைப் பார்த்து இரண்டு பேரும் எழுத்துக்கு எழுத்து அப்படியே அடித்திருந்தால் மட்டும் இதற்கு விலக்கு உண்டு, அதனால்தான் முதலில் வடிகட்டச் சொன்னேன். அந்த வீடியோ எஞ்சினையும் மூன்றாவதாகப் பக்கத்தில் வைத்து ஓட்டிப் பாருங்கள்.

ஆனால் எண்கள் பொருந்தவில்லை என்றால்? அதற்கு அர்த்தம் எதுவும் இல்லை. காப்பி அடித்தவர் சிப்பாயின் மதிப்பை 100-லிருந்து 98 ஆக்கியிருந்தால் போதும், மொத்த எண்ணிக்கையும் கலைந்துவிடும். இந்தச் சோதனை ஒரு பக்கம் மட்டும் பேசும்.

அடுத்தது நகர்த்தல் ஒப்பீடு. ஒழுங்காகச் செய்தால் இதற்கும் மதிப்பு உண்டு. கொமோடோ எஞ்சினை உருவாக்கிய டான் டெய்லி இதற்கென்றே ஒரு கருவி எழுதினார், 8000-க்கும் மேற்பட்ட நிலைகளைக் கொடுத்து ஒவ்வொரு எஞ்சினும் எந்த நகர்த்தலைத் தேர்ந்தெடுக்கிறது என்று பதிவு செய்து, எந்த இரண்டும் எத்தனை சதவீதம் ஒத்துப்போகின்றன என்று சொல்லும். அமைதியான நிலைகளாக எடுக்க வேண்டும், நாலைந்து நகர்த்தல்கள் ஏறக்குறைய சமமாக இருக்கிற மாதிரி. அங்கேதான் எஞ்சினுடைய சொந்த ருசி வெளிப்படும். உங்களிடம் 8000 இல்லாவிட்டாலும் ஓர் ஆயிரம் நிலையாவது எடுங்கள், முக்கியமாக உங்கள் இரண்டு எஞ்சினோடு நிறுத்தாமல் சம்பந்தமே இல்லாத ஏழெட்டுத் திறந்த மூல எஞ்சின்களையும் சேர்த்து ஓட்டுங்கள். அவை ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று தெரிந்தால்தான் உங்கள் சதவீதம் அதிகமா குறைவா என்று பேசவே முடியும். அந்த ஒப்பீடு இல்லாமல் வெறும் சதவீதம் கொடுத்தால் நானே அதைத் தள்ளிவிடுவேன். இதில் அதிகமாக வந்தாலும் சந்தேகப்படக் காரணம் இருக்கிறது என்பது வரைதான் போகலாம், எவாலுவேஷன் யோசனைகளை மட்டும் எடுத்துக்கொண்டு கோடைச் சொந்தமாக எழுதியிருந்தாலும் சதவீதம் ஏறும்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி, நான் எதை விடவும் அதிகம் நம்புவது: பொதுவான தப்புகள். சரியாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது, இரண்டு பேர் தனித்தனியாக ஒரே சரியான இடத்துக்கு வருவார்கள். தப்பாக எழுதுவதற்குக் காரணமே கிடையாது, அதனால் ஒரே தப்பு இரண்டு இடத்தில் இருந்தால் அது நகர்ந்து வந்திருக்கிறது. நம்மூர் சுங்குடியைப் பாருங்கள். கையால் முடிச்சுப் போட்ட சேலையில் புள்ளிக்குப் புள்ளி கொஞ்சம் வித்தியாசம் இருக்கும். ஒரு முடிச்சு விட்டுப்போன குறை இரண்டு சேலையில் அதே இடத்தில், அதே அளவில் இருந்தால் அது கை வேலை இல்லை, அச்சு என்று புது மண்டபத்துப் பக்கம் துணி வாங்குகிற அம்மாமார்களே சொல்லிவிடுவார்கள்.

எஞ்சினில் இதை எப்படிக் கண்டுபிடிப்பது? இரண்டு உதாரணம் சொல்கிறேன்.

ஒன்று கண்ணாடிச் சோதனை. ஒரு நிலையை எடுத்து நிறத்தை அப்படியே திருப்புங்கள், வெள்ளைக் காய்கள் கருப்பாக, கருப்பு வெள்ளையாக, பலகை தலைகீழாக, ஆட வேண்டிய பக்கமும் மாறியபடி. சரியான எஞ்சின் இரண்டுக்கும் ஒரே ஸ்கோர் சொல்ல வேண்டும். எவாலுவேஷன் அட்டவணையில் கருப்புக்கான பக்கத்தில் எங்காவது ஓர் எண்ணைத் தப்பாக அடித்திருந்தால், 15 என்று போட வேண்டிய இடத்தில் 51 என்று விரல் மாறியிருந்தால், அங்கே வித்தியாசம் வரும். இந்தத் தப்பு பெர்ஃப்ட்டில் மாட்டாது, ஆட்டத்திலும் யார் கண்ணுக்கும் படாது, வருடக்கணக்கில் உள்ளேயே உட்கார்ந்திருக்கும். ஒரு குதிரையை மட்டும் அறுபத்து நான்கு கட்டத்திலும் ஒவ்வொன்றாக வைத்து, டெப்த் 1 ஸ்கோரை இரண்டு நிறத்துக்கும் எடுத்து ஒரு ஷீட்டில் போடுங்கள். ஸ்டேட்டிக் ஸ்கோரை (தேடாமல் சொல்லும் மதிப்பு) தனியாகக் காட்டுகிற கட்டளை எஞ்சினில் இருந்தால் இன்னும் நல்லது. உங்கள் எஞ்சினில் சி6 கட்டத்தில் மட்டும் 36 புள்ளி தள்ளி நிற்கிறது, அவர்களுடையதிலும் சி6-ல் மட்டும் 36 தள்ளி நிற்கிறது என்றால், இதற்கு மேல் எனக்கு வேறு சாட்சி தேவைப்படாது.

இன்னொன்று பிட்போர்டில் ஓரம் சுற்றுகிற தப்பு. கடந்த சிப்பாய் என்பது முன்னால் எதிரிச் சிப்பாய் இல்லாமல், பக்கத்து வரிசைகளிலும் தடுக்க ஆள் இல்லாமல் நிற்கிற சிப்பாய். இதற்கு ஒரு மாஸ்க் (பார்க்க வேண்டிய கட்டங்களைக் குறிக்கும் பிட்டுகள்) கணக்கிடும்போது ஓரத்தைக் கவனிக்காமல் பிட்டைத் தள்ளிவிட்டால், ஹெச் வரிசைச் சிப்பாய்க்குப் "பக்கத்து வரிசை" என்று ஏ வரிசையும் சேர்ந்துவிடும். சோதிப்பது சுலபம்: இரண்டு ராஜா, வெள்ளைக்கு ஹெச்5-ல் ஒரு சிப்பாய், கருப்புக்கு பி6-ல் ஒரு சிப்பாய். ஸ்கோரைப் பாருங்கள். பி6 சிப்பாயை ஏ6-க்கு மாற்றுங்கள். திடீரென்று வெள்ளையின் ஸ்கோர் கடந்த சிப்பாய்க்கான போனஸ் அளவுக்கு விழுந்தால் அந்தத் தப்பு இருக்கிறது. ஆனால் ஜாக்கிரதை: இது எல்லோரும் செய்கிற தப்பு, பிட்போர்டில் முதல் எஞ்சின் எழுதுகிற பலர் எங்கேயாவது ஓரத்தில் சறுக்குவார்கள். ஆகவே இது இரண்டிலும் இருந்தால் கொஞ்சம் எடை, விரல் மாறி அடித்த 51 இரண்டிலும் இருந்தால் மலையளவு எடை. தப்பு எவ்வளவு அபூர்வமோ அவ்வளவு மதிப்பு.

உங்கள் எஞ்சினில் உள்ள தப்புகளைப் போட்டிக்குப் பிறகு திருத்தியிருந்தால் பழைய வெர்ஷனை வைத்துத்தான் சோதிக்க வேண்டும், பென் டிரைவ் கைமாறிய காலத்து கமிட்டை எடுங்கள். இன்றைய கோடை அவர்களுடையதோடு ஒப்பிட்டுப் பயனில்லை.

எக்ஸியைத் திறந்து பார்ப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். செய்யலாம். முதலில் ஸ்டிரிங்ஸ் என்கிற சின்னக் கட்டளை, உள்ளே இருக்கிற எழுத்துகளை எல்லாம் கொட்டும். பெயரை மாற்றியவர்கள் பிழைச் செய்திகளை மாற்ற மறந்துவிடுவார்கள், ஆப்ஷன் பெயர்களை மறந்துவிடுவார்கள், டீபக்குக்காக நீங்கள் எழுதி வைத்த ஏதோ ஒரு வரி உள்ளே அப்படியே கிடக்கும், எழுத்துப் பிழையோடு கிடந்தால் இன்னும் விசேஷம். அதற்குப் பிறகு கீட்ரா, 2019-ல் அமெரிக்காவின் என்எஸ்ஏ உளவு அமைப்பு இலவசமாக வெளியிட்ட டிகம்பைலர், எக்ஸியைத் திரும்பக் கோடாக்கிக் காட்டும். அதில் வருகிற சி கோடு உங்கள் சோர்ஸ் மாதிரி இருக்காது, மாறி மாறிப் பெயர் தெரியாத வேரியபிள்கள்தான் இருக்கும். கம்பைலர் ஆப்ஷன் வேறாக இருந்தால் ஒரே சோர்ஸ் கூட வேறு உருவத்தில் வரும். அதனால் உருவத்தைப் பார்க்காமல் மாறாதவற்றைத் தேடுங்கள்: அட்டவணை எண்கள், டெப்த் குறைக்கிற மாறிலிகள், நேரம் ஒதுக்குகிற கணக்கில் வருகிற வினோதமான எண்கள். நியூரல் நெட்வொர்க் வைத்த எஞ்சின் என்றால் நெட் ஃபைலின் பைட்டுகளை நேரடியாகவே தேடலாம். ஸ்டாக்ஃபிஷ் நெட் ஃபைலின் பெயரே அதன் ஷா-256 ஹாஷின் (ஃபைலின் கைரேகை மாதிரி ஓர் எண்) முதல் 12 எழுத்துகள்தான்.

டிகம்பைல் செய்வதில் எவ்வளவு தூரம் போகலாம், எங்கே வாக்குவாதம் வெடிக்கும் என்று தெரிய ரிப்காவின் கதையைப் படித்தே ஆக வேண்டும். வாசிக் ரைலிக் எழுதிய ரிப்கா 2005 டிசம்பரில் வந்தது, வந்ததும் எல்லா எஞ்சினையும் அடித்துத் தள்ளியது. அதே வருடம்தான் ஃபேபியன் லெத்தூஸே தன் ஃப்ரூட் 2.1 எஞ்சினை ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தில் சோர்ஸோடு வெளியிட்டிருந்தார். 2007-ல் ஸ்ட்ரெல்கா என்று ஒன்று வந்தது, அது ரிப்காவைப் பிரித்து எழுதப்பட்டது என்று பேச்சு, ரைலிக்கே 2008 ஜனவரியில் ஸ்ட்ரெல்கா 2.0 தன்னுடைய கோட்தான் என்று உரிமை கொண்டாடினார். ஸ்ட்ரெல்காவின் சோர்ஸைப் பார்த்தவர்களுக்கு அதில் ஃப்ரூட் தெரிந்தது. 2011-ல் லெத்தூஸே பகிரங்கக் கடிதம் எழுத, சர்வதேச கணினி விளையாட்டுச் சங்கமான ஐசிஜிஏ விசாரணைக் குழு போட்டது. அந்த வருடம் ஜூனில் ரிப்காவின் 2007 முதல் 2010 வரையிலான உலகப் பட்டங்களைப் பறித்து ரைலிக்குக்கு ஆயுள் தடை விதித்தார்கள். ரைலிக் குற்றச்சாட்டை மறுத்தார்.

சாட்சியில் இரண்டு வகை இருந்ததைக் கவனியுங்கள். ஒரு பக்கம், வெளியீட்டுக்கு முந்தைய பழைய ரிப்கா வெர்ஷன்களில் ராபர்ட் ஹயட் எழுதிய கிராஃப்டி எஞ்சினின் கோடு இருந்தது என்ற வாதம், இது கோடோடு கோடு ஒப்பீடு. ரிப்கா 1.0 பீட்டாவில் ஒரு சின்னத் தடயமும் பேசப்பட்டது: நேரக் கணக்கு முழுக்க முழு எண்களில் நடக்கிறது, நடுவில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் 0.0 என்ற தசம எண்ணோடு ஒப்பீடு வருகிறது. ஃப்ரூட்டில் நேரம் தசமத்தில் இருக்கிறது, அங்கே 0.0 இயல்பானது. ரிப்காவில் அதற்கு வேலையே இல்லை. நான் மேலே சொன்ன விட்டுப்போன முடிச்சு இதுதான். இன்னொரு பக்கம் எவாலுவேஷன். ஃப்ரூட்டின் பலகை அமைப்பு வேறு, ரிப்கா பிட்போர்டில் எழுதப்பட்டது, ஆகவே வரிக்கு வரி ஒன்றாக இருக்க வழியே இல்லை. எந்தெந்த அம்சங்களைக் கணக்கில் எடுக்கிறது என்கிற தேர்வு அளவுக்கு மீறி ஒத்துப்போகிறது என்பதுதான் அங்கே வாதம். இது கோடைத் திருடியதா, யோசனையை எடுத்ததா? ரிப்காவின் பக்கம் நின்ற சோரன் ரீஸ் போன்றவர்கள் 2012-ல் நீளமாக எழுதி இந்த இடத்தைத்தான் தாக்கினார்கள். என் கருத்தைக் கேட்டால், பழைய வெர்ஷனும் கிராஃப்டியும் ஒத்துப்போனது வலுவான சாட்சி, எவாலுவேஷன் வாதம் ஐசிஜிஏ விதிக்கு உட்பட்டது. போட்டி விதியில் பிறர் எழுதிய கோடிலிருந்து வந்தது என்றால் பெயரைச் சொல்ல வேண்டும் என்று இருந்தது, அந்த விதி கேட்பது காப்புரிமை (காப்பிரைட்) சட்டம் கேட்பதை விட அதிகம். பிறகு 2015-ல் சர்வதேச செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் நெறிமுறைக் குழு, ஆயுள் தடைக்கு விதிகளில் தெளிவான அடிப்படை இல்லை என்று ஐசிஜிஏவுக்கே எச்சரிக்கை கொடுத்தது. கண்டுபிடிப்பது ஒரு வேலை, தண்டனை கொடுப்பது இன்னொரு வேலை, இரண்டாவதற்கு எழுதி வைத்த விதி வேண்டும்.

அதனால் உங்கள் போட்டியின் விதித்தாளை இன்றே எடுத்துப் படியுங்கள். "சொந்தப் படைப்பாக இருக்க வேண்டும்" என்று ஒரு வரி மட்டும் இருக்கிறதா, இல்லை திறந்த மூலக் கோடு எடுத்தால் குறிப்பிட வேண்டும் என்றும் இருக்கிறதா? உங்கள் கோடு கிட்ஹப்பில் என்ன உரிமத்தில் கிடந்தது? எம்ஐடி உரிமம் போட்டு எல்லோருக்கும் திறந்துவிட்டிருந்தால் எடுத்தது குற்றமில்லை, உங்கள் பெயரை நீக்கியதுதான் குற்றம். ஜிபிஎல் என்றால் எடுத்தவர்கள் எக்ஸியைக் கொடுக்கும்போது சோர்ஸையும் அதே உரிமத்தில் கொடுக்க வேண்டும். ஸ்டாக்ஃபிஷ் குழுவினர் செஸ்பேஸ் கம்பெனி மேல் 2021 ஜூலையில் ஜெர்மனியில் வழக்குப் போட்டது இந்த ஜிபிஎல்லை வைத்துத்தான், 2022 நவம்பரில் சமரசம் ஆனது. அங்கே செஸ்பேஸ் விற்ற ஃபேட் ஃப்ரிட்ஸ் 2 எஞ்சின் ஸ்டாக்ஃபிஷிலிருந்து வந்தது என்பதில் பெரிய சந்தேகம் எதுவும் இல்லை, உரிமத்தின் கடமைகளை நிறைவேற்றினார்களா என்பதுதான் சண்டை. உரிமமே போடாமல் தனியாக வைத்திருந்தது என்றால் முழு உரிமையும் உங்களுடையது. நம் நாட்டுக் காப்புரிமைச் சட்டம், 1957 கணினி நிரலை இலக்கியப் படைப்பு வகையில் சேர்த்திருக்கிறது, யோசனைக்குக் காப்புரிமை இல்லை என்பதை உச்ச நீதிமன்றம் 1978-லேயே ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் சொல்லிவிட்டது. பிரிவு 62 இருப்பதால் நீங்கள் குடியிருக்கிற மாவட்ட நீதிமன்றத்திலேயே, அதாவது மதுரையிலேயே, வழக்குப் போடலாம். ஆனால் ஒரு கல்லூரிப் போட்டிக்கு அவ்வளவு தூரம் போகச் சொல்ல மாட்டேன்.

சாட்சியைப் பாதுகாப்பதை மட்டும் கோர்ட்டுக்குப் போகிற மாதிரியே செய்யுங்கள். போட்டி நடத்தியவர்கள் கையில் உள்ள இரண்டு எக்ஸிக்கும் ஷா-256 ஹாஷ் எடுத்து இரண்டு அணியும் கையெழுத்துப் போட்டு வைக்கச் சொல்லுங்கள், பிறகு யாரும் ஃபைலை மாற்றினார்கள் என்று சொல்ல முடியாது. புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் பிரிவு 63 சான்றிதழிலும் ஹாஷ் மதிப்பைக் கேட்கிறார்கள். உங்கள் கிட் கமிட் தேதியை மட்டும் நம்பி இருக்காதீர்கள், அந்தத் தேதியை யார் வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். கிட்ஹப் சர்வரில் புஷ் ஆன நேரம், பேராசிரியருக்கு நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல், டிரைவில் ஏற்றிய நாள் என்று உங்கள் கைக்கு வெளியே பதிவான தேதிகளைச் சேகரியுங்கள். பென் டிரைவ் சங்கதியைப் பொறுத்தவரை, வாய்ப்பு இருந்தது என்பதற்கு மட்டும்தான் அது உதவும். எடுத்தார்கள் என்பதற்கு உதவாது. புகாரில் அதைக் கடைசியில் ஒரே ஒரு வரியாக வையுங்கள்.

சோர்ஸ் இரண்டு பக்கமும் வந்துவிட்டால் வேலை சுலபம். மாஸ், ஜேபிளாக் மாதிரி கோட் ஒப்பீட்டுக் கருவிகள் வேரியபிள் பெயரை மாற்றினாலும், ஃபங்ஷன்களை இடம் மாற்றினாலும் கண்டுபிடிக்கும், அவற்றில் வீடியோ எஞ்சினின் சோர்ஸைப் பொது அடிப்படைக் கோடாகக் கொடுத்தால் அதிலிருந்து வந்த பகுதிகளை ஒதுக்கிவிட்டு மிச்சத்தை மட்டும் காட்டும். கோட் வரலாற்றையும் கேளுங்கள். உண்மையில் எழுதியவர்களின் கிட்டில் தோற்ற முயற்சிகள் நிறைய இருக்கும், எழுதி எழுதி அழித்திருப்பார்கள், எஞ்சின் தட்டுத் தடுமாறித்தான் பலமாகியிருக்கும். ஒரே நாளில் மூவாயிரம் வரி முழுசாக இறங்கியிருந்தால் கேள்வி கேட்க வேண்டும்.

அப்புறம் அந்தப் பையன்களை உட்கார வைத்துப் பேச வேண்டும். இதை நடுவர்கள் செய்ய வேண்டும், நீங்கள் அந்த அறையில் இருக்கக் கூடாது. மிரட்டல் வேண்டாம், லேப்டாப்பைக் கொடுத்து அவர்கள் எஞ்சினிலேயே ஒரு மாற்றம் செய்யச் சொன்னால் போதும்: "எல்எம்ஆர் (வரிசையில் பின்னால் வருகிற நகர்த்தல்களைக் குறைந்த ஆழத்தில் பார்ப்பது) மூன்றாவது நகர்த்தலில் தொடங்குகிறதே, ஐந்தாவதுக்கு மாற்றிக் காட்டுங்கள், ஏன் மூன்று என்று வைத்தீர்கள்?" எழுதியவனுக்கு அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கும், "நாலு வச்சுப் பார்த்தோம் சார், தோத்துது" என்பான். கேள்விகளை இரண்டு அணிக்கும் ஒன்றாகக் கேட்கச் சொல்லுங்கள், உங்களையும் சேர்த்துத்தான். நாளைக்கு அவர்கள் வந்து உங்கள் கோட்தான் எங்களுடையதிலிருந்து போனது என்று சொன்னால் இதே சோதனை உங்களுக்கும் பொருந்த வேண்டும், நோடு எண்ணிக்கையும் 51-உம் எந்தத் திசையில் போனது என்று சொல்லாது, தேதிகள்தான் சொல்லும்.

இந்த வாரத்துக்கு உங்கள் வேலை இதுதான்: முதலில் டெப்த் 10 நோடு சோதனை, பத்து நிலை போதும், ஒரு மாலையில் முடிந்துவிடும். பொருந்தினால் அத்தோடு புகாரை எழுதலாம். பொருந்தாவிட்டால் குதிரையை அறுபத்து நான்கு கட்டத்திலும் வைத்து அந்த ஷீட்டைத் தயார் செய்யுங்கள், அதைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு சொல்கிறேன். அது வரை கல்லூரி வாட்ஸப் குரூப் எதிலும் அந்தப் பையன்களின் பெயரைப் போடாதீர்கள்.